மூன்றாம் குழியின் காலடிகள்

அகழாய்வில் கிடைத்த காலடித் தடங்கள், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மூன்றாம் குழியைவிட்டு வெளியே வந்தன. அதுவரை எண்ணூறு வருடமாகக் கிடந்த இடத்தில்தான் கிடந்தன. ஒரே வெள்ளத்தில் மூழ்கிப்போன கிராமம் அது. அதன் தெருக் களிமண்ணில், வண்டலுக்கு அடியில், ஒரு பெண்ணின் தடங்களும் ஒரு குழந்தையின் தடங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, சுவர் இடிந்த இடத்தில் பிரிந்திருந்தன. குழந்தையின் இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

குழிகளை வரைபடமாக்கும் வேலையில் இருந்தவள்தான் முதலில் பார்த்தாள். முந்தின நாள் அவள் வரைந்தபோது குழிக்குள் முடிந்த தடங்கள், இப்போது விளிம்பேறி, புல்லைக் கடந்து, தார்ச்சாலையில் ஈரமாகத் தெரிந்தன. சட்டைப் பையில் எந்நேரமும் கொத்துக்கரண்டி இருப்பதால் முதுகுக்குப் பின்னால் கரண்டி என்று அழைக்கப்பட்ட ஆய்வுத் தலைவர் குனிந்து பார்த்தார். "யாரோ விளையாடுறாங்க" என்றார்.

அவள் வீட்டுக்குப் போனால், மூன்றாம் மாடிப் படியெல்லாம் சின்னப் பாதங்கள். மகளின் கட்டிலருகே, ஜன்னலோரமாக, அவை நின்றிருந்தன. இடது பாதத்தில் நான்கே விரல்கள். சுற்றிலும் சேற்றுத்தண்ணீர். துடைத்தாள், மறுபடி ஊறியது.

பெரிய தடங்கள் ஊரைச் சுற்றின. ஒவ்வொரு வாசலிலும் சற்று நின்று, அடுத்த வாசலுக்கு நகர்ந்தன. பஸ் ஓட்டுநரான அவள் கணவன், தடங்கள் சாலையைக் கடக்கும்வரை பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்ததாகச் சொன்னான். அந்தத் தாய் தன் பிள்ளையைத் தேடுகிறாள் என்று பேச்சு பரவியதும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கதவிடுக்குகளில் துணி அடைத்தார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே பயந்தார்கள்.

கரண்டி, லாரியில் மணல் வரவழைத்துக் குழியை மூடினார். அன்றைக்கே மகளின் கைகால் சில்லிட்டது. இருமினால் கலங்கல் தண்ணீர் வந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே ஆறு ஓடுகிறது என்று மட்டும் சொன்னார்.

"பாப்பாவத் தூக்கிக்கிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போயிடலாம்" என்றான் கணவன்.

"எங்க போனாலும் அந்தக் குழந்தை பின்னாலயே வரும். கதவத் திறங்க, அதோட அம்மா வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"பைத்தியமா உனக்கு? அவ நம்ம பிள்ளையத் தூக்கிட்டுப் போனா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அத்தனை காலம் தண்ணீருக்குள் கிடந்த கண்ணுக்குத் தன் பிள்ளை எது, அடுத்தவள் பிள்ளை எது என்று தெரியுமா? ஆனாலும் மடியில் கிடந்தவளின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. கணவன் தாழ்ப்பாளை நீக்கினான்.

மத்தியானம், நல்ல வெயிலில், பெரிய பாதங்கள் படியேறி வந்தன. ஒன்று பதிந்து, நீர் கசிந்து, அதன்பின் அடுத்தது. நேராகக் கட்டிலுக்கு வந்து, அவள் முழங்காலை உரசும் தூரத்தில் நின்றன. மகளின் கூந்தல் நுனி, யாரோ விரலால் கோதுவதுபோல், மெல்ல உயர்ந்தது.

"இது எம் பொண்ணு" என்றாள். "உன்னோடது அங்க நிக்குது பாரு. பயந்துபோய் நிக்குதும்மா."

கூந்தல் விழுந்தது. பாதங்கள் ஜன்னல் பக்கம் திரும்பின. அங்கே சின்னத் தடங்களில் குதிகால் மறைந்து, எக்கி நிற்கும் விரல்கள் மட்டும் பதிந்தன. பிறகு அவையும் இல்லை. பெரிய பாதங்கள் மட்டும், முன்னைவிட ஆழமாக, சுமை தூக்கியவள் நடக்கிறமாதிரி அழுந்தி அழுந்திப் படியிறங்கின. மகள் பசிக்கிறது என்றாள். அதைக் கேட்ட பிறகும் அவளைச் சாயங்காலம்வரை மடியிலிருந்து இறக்கிவிட அம்மாவுக்குத் துணிவு வரவில்லை.

தடங்கள் மேட்டுச் சாலை வழியாக, ஊரிலேயே உயரமான, வெள்ளம் எட்டாத இடமான தண்ணீர்த் தொட்டிவரை ஏறி, அங்கே காய்ந்து கறையாக நின்றன. மறு வருடம் சாலை போட வந்தவர்கள் அவற்றின்மேல் மட்டும் தார் ஊற்றவில்லை. வண்டிகள் அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிப் போகின்றன.