பதினைந்துக்கு இரண்டு

"கால விடுங்க அண்ணே."

சொல்லும்போதே யோகமலர் அழுத்திக்கொண்டிருந்தாள். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. குனிந்து, சிறுமியின் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதினாள். திரும்பவும் நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கை. ஒன்று, இரண்டு.

அழகரத்தினம் விடவில்லை. சிறுமியின் கணுக்கால்கள் அவர் பிடியில் இருந்தன.

இயேசு பிறந்த நத்தார் நாளுக்கு மறுநாள் காலை. செட்டிபாளையத்தில் கடல் எழும்பி, தெருவையும் வளவுகளையும் தாண்டி வாவிக்குள் விழுந்து முக்கால் மணி நேரம் இருக்கும். கண்டல் மர வேர்களுக்குள் சிக்கிக் கிடந்த இந்தச் சிறுமி அசைந்ததை யோகமலர் கண்ணால் கண்டாள். கரைக்கு இழுத்து வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. எட்டு ஒன்பது வயதிருக்கும். யார் பிள்ளையோ. யோகமலர் கத்திய கத்தலுக்கு ஓடி வந்தவர் இந்த மனிதர் ஒருவர்தான். முப்பது வருடமாக வலை வீசுகிறவர்.

"நீங்க புள்ளப்பேறு பாக்கிற மிஸ்ஸி," என்றார். "தண்ணியில தாண்டுபோன எத்தின பேரக் கண்டிருக்கீங்க? கால்ல புடிச்சுத் தலைகீழாச் சுத்தினா குடிச்சதெல்லாம் வாயால வந்திரும். என்னையும் எண்ட அப்பா அப்பிடித்தான் எடுத்தவர்."

"உங்கட நெஞ்சு அப்ப நிண்டிருக்காது."

அவளுக்கு விளக்க நேரமில்லை. விளக்காமலும் முடியாது, அந்தக் கைகள் வலுவானவை, ஒரே இழுப்பில் பிள்ளை போய்விடும். பயிற்சிக் கல்லூரிச் சுவரில் தொங்கிய இதயப் படம் கண்ணுக்குள் வந்தது. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு. வலப்பக்கம் சுவாசப்பைக்குத் தள்ளும், இடப்பக்கம் உடம்புக்கெல்லாம் தள்ளும். ஒரு முஷ்டி அளவுச் சதை. ஓய்வே தெரியாதது. இப்போது ஓய்ந்து கிடக்கிறது.

"இறால் கூட்டுக்கு வாய் வெப்பீங்கதானே? உள்ளுக்குப் போன இறால் கிறுகி வெளிய வருமா?"

"வராது."

"நெஞ்சுக்குள்ளயும் அப்பிடி நாலு வாசல். நான் அமத்தினா இரத்தம் மூளைக்குப் போகும், பின்னால வராது. இப்ப இவள்ட நெஞ்சு எண்ட கைதான். நீங்க தூக்கினா அதுவும் நிண்டிரும்."

அவர் பிடி தளர்ந்தது.

ஐந்தாவது சுற்றில் அவள் தோள்கள் நடுங்கத் தொடங்கின. "நீங்க அமத்துங்க, நான் ஊதுறன்," என்றாள். அந்தக் காய்த்துப்போன கையை எடுத்து நெஞ்சின் நடுவில் வைத்தாள். "ஒரு கை போதும். பயப்படாம அமத்துங்க. மறுகா முழுசா விடணும். விட்டாத்தான் உள்ளுக்கு இரத்தம் நிரம்பும், நிரம்பினாத்தான் அடுத்த அமத்தலுக்குப் போகும்."

அவர் அமத்தினார். விட்டார். வாய்விட்டு எண்ணினார். பதினைந்துக்கு இரண்டு. பதினைந்துக்கு இரண்டு. எங்கோ ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் வந்து வந்து தேய்ந்தது.

சிறுமியின் தொண்டை ஒருமுறை விக்கியது. யோகமலர் அவளைச் சட்டென்று ஒருக்களித்தாள். சேறும் தண்ணீருமாக வாயிலிருந்து கொட்டியது. பிறகு ஓர் இருமல், கீச்சென்று ஒரு மூச்சு. கழுத்தில் விரல் வைத்தாள். நாடி நூல் போல ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வந்திட்டாள். உங்கட கையிலதான் வந்தவள்."

அவர் சிரிக்கவில்லை. மண்ணில் குந்தி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். யோகமலர் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சிறுமியைப் போர்த்தினாள். ரோட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும், கடல் திரும்பவும் வந்தாலும் வரும்.

"வாங்க, தூக்குவம்."

"மிஸ்ஸி." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, விலை கேட்பது போல. "கோயிலடியில எண்ட மகள்ட புள்ள கிடக்கு."

அவள் கை போர்த்தியபடியே நின்றது.

"நான்தான் சுத்தினன். தண்ணியெல்லாம் வந்திச்சு. புள்ள ஒழும்பல்ல. சீலையால மூடிப்போட்டுத்தான் நீங்க கத்தின சத்தத்துக்கு ஓடி வந்தன்."

"எவ்வளவு நேரமாச்சு அண்ணே?"

அவர் காற்சட்டை விளிம்பைச் சற்று உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே சேறு படிந்த இடத்தைக் காட்டினார். நாலு சின்ன விரல்களின் தடம்.

"தலைகீழாத் தூக்கக்குள்ள இதப் புடிச்சவள், மிஸ்ஸி."