எல்மாரின் கொக்கி

கல்லறைக்கு வெளியே எல்மாரின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, ஒரு சொற்சீட்டில். பர்னு துறைமுகத்தில் மரக்கட்டைகளைக் கொக்கி போட்டு இழுத்தவன் அவன். கட்டை உருண்டுதான் செத்தான். நான் அங்கேயே கிரேன் ஓட்டினேன்.

ஊர்ச்சொற்களைச் சீட்டில் எழுதி மொழி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புகிறவர்கள் எங்கள் நாட்டில் நிறைய. மேலே சொல், நடுவில் அது வந்த பேச்சு, கீழே பேசியவர் பெயரும் ஊரும். கொக்கியைப் பற்றி எல்மார் சொன்னதை நானும் அப்படி ஒரு சீட்டில் எழுதி அனுப்பியிருந்தேன்.

கொக்கிக்கு எங்கள் எஸ்தோனிய மொழியில் 'ஹாக்'. ஒருநாள் டச்சு மாலுமி ஒருவனும் அதைக் காட்டி 'ஹாக்' என்றான். "கொக்கியக் கேட்டா குடுத்திருப்பேன்ல, பேரை ஏன்டா திருடுற?" என்று எல்மார் சிரித்தான். இரண்டு மொழிக்கும் ஒட்டுறவே இல்லை.

அந்தக் கதையை நிலையத்து வால்தெக்கிடம் நான்தான் சொன்னேன். கோடைதோறும் எங்கள் வீட்டில் தங்கி, எல்மார் புகைபோட்ட விலாங்கைத் தின்றவன்.

சீட்டு அனுப்புகிறவர்கள் கூடும் இந்த வசந்தக் கூட்டத்தில் அவன் கட்டுரை படித்தான். டச்சுக்காரர்களுக்கு அது சொந்தச் சொல், நமக்கு அதன் உறவான வடஜெர்மன் பேச்சிலிருந்து வந்தது, அது பழைய சங்கதி. ஆனால் நம்மிடம் துறைமுகம் வழியாக வரவில்லை, உள்நாட்டுப் பண்ணைகள் வழியாக வந்தது என்றான். சான்றுச் சீட்டு வழக்கம்போலக் கைமாறி என்னிடம் வந்தது. புதிதாகத் தட்டச்சு செய்த சீட்டு. கீழே எவனோ ஒரு பண்ணையாளின் பெயர். கடலே பார்க்காத ஊர்.

நடுவில் இருந்ததை எழுந்து நின்று உரக்கப் படித்தேன்.

"என் ஹாக் மழுங்கிப்போச்சு, நம்ம ஹெல்யூவோட ரொட்டிக் கத்தி மாதிரி."

கூட்டம் சிரித்தது.

"அக்கா, வெளிய போய்ப் பேசலாம்," என்றான் வால்தெக்.

"இங்கயே சொல்லு. அந்தப் பண்ணையில ஹெல்யூ யாரு?"

சிரிப்பு நின்றது. ஹெல்யூ என் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

"செத்தவருக்கு இதுல என்னக்கா நஷ்டம்?" என்றான். "என் கட்டுரைக்கு உள்நாட்டுச் சீட்டு ஒண்ணாவது வேணும். கெடைக்கல."

"அதுக்கு என் புருஷனத்தான் அழிப்பியா? அவன் புகைபோட்ட மீன் உனக்கு ருசியாத்தானடா இருந்துச்சு?"

சீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது என்றார் கூட்டத் தலைவர். "கை வெச்சாச்சு," என்றேன்.

என்னிடம் பேனா இல்லை. வால்தெக் தன்னுடையதை நீட்டினான். நான் பின்வரிசையில் ஒரு பென்சில் கேட்டு வாங்கி, அந்தப் பண்ணையாளை அடித்துவிட்டு எல்மார் என்று எழுதினேன். ஊர், பர்னு.