பத்தொன்பது ஒற்றைச் செருப்புகள்

...இல்லை, இன்றைக்கு மட்டும் நான் வாயைத் திறக்கக் கூடாது, தலையே போனாலும் சரி, பிள்ளைகளே பிரிக்கட்டும், பிள்ளைகளே அடுக்கட்டும், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம். அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கட்டும்... நேற்று மாலை அறைக்குக் கூப்பிட்டு நறுக்கென்று சொல்லிவிட்டார், "டீச்சர், விளையாட்டெல்லாம் போதும், நாளைக்கு நானே வந்து உக்காந்து பாக்கறேன், ஒண்ணும் தேறலன்னா திங்கக்கிழமையிலேர்ந்து பயிற்சிப் புத்தகந்தான்." பயிற்சிப் புத்தகமாம்! அச்சடித்த பழங்களை எண்ணிக் கட்டத்துக்கு வண்ணம் தீட்டுவது, ஐந்து வயதுப் பிள்ளைகளை மணிக்கணக்காகப் பெஞ்சில் ஒட்டவைப்பது... முடியாது, நான் விடுவதாக இல்லை. இன்றைக்குச் செருப்பை வைத்துத்தான் கணக்கு என்று காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னால் பல் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறார், "நீ பாடம் நடத்தறியா, செருப்புக்கடை நடத்தறியா?" என்று. ஏன், செருப்புக்கடைக்காரன் பிரித்து அடுக்காமல் ஒரு ஜோடியாவது விற்பானா? வெடுக்கென்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, எனக்கு எல்லாப் பதிலும் பஸ் ஏறிய பிறகுதான் வரும்.

ஆளுக்கு ஒரு கால் செருப்பைக் கழற்றி நடுவில் போடச் சொன்னேன், பத்தொன்பது, அறையே நாறுகிறது, ஜன்னலைத் திறந்தேன், ஹெச்.எம். கைக்குட்டையை எடுத்தார், எடுக்கட்டும். எப்படிப் பிரிக்கலாம் என்று மட்டும் கேட்டேன், நிறம் என்றது ஒன்று, பெரிசு சின்னது என்றது ஒன்று, கடைசியில் பட்டாசு, அவள் பெயர் அதல்ல, ஒரு நிமிஷம் வாய் மூடமாட்டாள் என்று நான் வைத்தது, அவள்தான் கத்தினாள், "எப்படி மாட்டறோமோ அப்படிப் பிரிக்கலாம் டீச்சர்!" என் தங்கமே, இதை எந்தப் புத்தகம் சொல்லித்தரும்? லேஸ் கட்டுவது, பட்டையால் ஒட்டுவது, சும்மா நுழைப்பது, மூன்று குவியல். குவியலாகக் கிடந்தால் எது அதிகம் என்று எப்படித் தெரியும், இவ்வளவுதான் கேட்டேன், அவர்களே வரிசையாக வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், சுவரிலிருந்து தொடங்கி மூன்று வரிசை. புது ஷூக்காரன் ஒருவன் மட்டும் தன்னுடையதை யாரும் உரசக்கூடாது என்று அடம்பிடித்து இடம்விட்டு வைத்தான், அவனைப் பார்த்து லேஸ்காரர்கள் எல்லோரும் அப்படியே.

"லேஸ்தான் ஜாஸ்தி!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. பார்த்தேன், லேஸ் வரிசை அலமாரிவரை வந்திருக்கிறது, பட்டை வரிசை ஒரு சாண் குறைவு, அப்பாடா, முடிந்தது, தேறிவிட்டோம், இனி பலகையில் எழுதவேண்டியதுதான், சாக்பீஸ் எங்கே... கைப்பையில் போட்டேனே, சாவி, தலைவலி மாத்திரை, நேற்றைய பஸ் டிக்கெட், சாக்பீஸ் மட்டும் இல்லை, ஹெச்.எம். பார்க்கிறார். குனிந்து துழாவிக்கொண்டிருக்கும்போது சரசரவென்று சத்தம், நிமிர்ந்தால் ஊமைக்கோட்டான், இந்த வருஷம் முழுக்கப் பத்து வார்த்தைகூடப் பேசாத பெண், ஒரு லேஸ் ஷூவை இழுத்துப்போய் ஒரு பட்டைச் செருப்பின் பக்கத்தில் வைக்கிறாள், பிறகு இன்னொன்று. "ஏய், என் புது ஷூவைத் தொடாத!" என்று அவன் பாய்கிறான். ஐயோ, வரிசை கலைகிறதே, இந்த நேரம் பார்த்தா, வைத்த இடத்தில் வை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று, லேஸ் ஆறும் தீர்ந்துபோயிற்று. இரண்டு பட்டைச் செருப்புகள் தனியாக நின்றன.

"இது ரெண்டுக்கும் ஜோடி இல்ல," என்றாள், அவ்வளவுதான். உடனே பட்டாசு வெடித்தாள், "அப்போ பட்டைதான் ஜாஸ்தி! லேஸ் தள்ளித் தள்ளி நின்னு ஏமாத்திடுச்சு!"

ஹெச்.எம். எழுந்து வந்தார், என் தோளில் கை வைத்தார், இத்தனை வருஷத்தில் வைத்ததே இல்லை. "ஒரு செருப்புக்கு ஒரு கட்டம்னு தரையில போடாம வேணும்னேதான விட்டீங்க? எல்லாரும் தப்பா கத்தினப்பக்கூட பையக் கிளறிக்கிட்டு வாயே திறக்கலயே! எனக்கெல்லாம் அந்தப் பொறுமை வராதும்மா. நடத்துங்க, புத்தகம் கிடக்கட்டும்." என் தலை தானாக ஆடியது, ஆமாம் என்று ஆடியது, அவர் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன், துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருக்கிறது, ஆனால்... கட்டம் போட மறந்தேன், எண்ணவும் இல்லை, நீளத்தைப் பார்த்து நானும்தான் நம்பினேன், சாக்பீஸ் மட்டும் கையில் இருந்திருந்தால் கொட்டை எழுத்தில் லேஸ் என்று எழுதிக் கோடும் போட்டிருப்பேன். ஓடிப்போய்ச் சொல்லலாமா? சொன்னால் திங்கட்கிழமை?

செருப்பை மாட்டிக்கொண்டே ஊமைக்கோட்டான் அண்ணாந்து பார்த்தாள். "டீச்சர், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்லம்மா, எனக்கும் தெரியல." "ஓ," என்று சொல்லிவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டாள். இவ்வளவுதானா, இதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லையே, ஹெச்.எம். அம்மாவிடம் மட்டும் ஏன் எனக்கு வாய் வரவில்லை...