கழன்று கிடந்த கொக்கி

உயரமான கட்டடங்களின் கண்ணாடி துடைக்கிறவர்கள் நடுவே அவருக்குப் பாஸ்டர் என்று பெயர். பட்டம் வாங்கியவரெல்லாம் இல்லை. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்தி ஜெபம் பண்ணுவார். கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் முகம் சுளிப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அன்று அவரோடு தொட்டிலில் ஏற வேண்டியவனுக்குக் காய்ச்சல். கூரையிலிருந்து கம்பி வடத்தில் தொங்கும் இரும்புத் தளத்தைத்தான் தொட்டில் என்பார்கள். மேஸ்திரி வேறு ஆள் இல்லாமல் அதே வேலையிலிருந்த, பாஸ்டருடைய தங்கை புருஷனை ஏற்றிவிட்டார்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பாஸ்டருடைய அப்பாவின் அடக்கத்துக்கு மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து நின்றான். சவப்பெட்டியைத் தொடாதே என்று அத்தனை பேர் முன்னால் அவனைப் பிடித்துத் தள்ளினார் பாஸ்டர். அதன்பின் அவன் குடியை விட்டான், ஆளே மாறிவிட்டான் என்று தங்கை அழுதழுது சொல்லியும் அவர் மனம் இறங்கவில்லை. மன்னித்தாகிவிட்டது, ஒட்டும் உறவும்தான் வேண்டாம் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

தொட்டிலின் ஒரு முனையில் அவர், மறு முனையில் அவன், நடுவில் சோப்புத் தண்ணீர் வாளி. எட்டாத மூலை ஒன்றைத் துடைக்க, மாப்பிள்ளை தோளிலும் இடுப்பிலும் கட்டியிருந்த பெல்ட்டின் கொக்கியைப் பாதுகாப்புக் கயிற்றிலிருந்து கழற்றினான். துடைத்து முடித்ததும் மாட்ட மறந்து அடுத்த கண்ணாடிக்குப் போய்விட்டான்.

பாஸ்டர் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்ற வீம்பு தடுத்தது. அவனென்ன சின்னப் பிள்ளையா என்று திரும்பிக்கொண்டு, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். ஆண்டவரே, அவனே பார்த்து மாட்டிக்கொள்ளட்டும் என்று ஜெபம் வேறு.

மேலே, தொட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டாரில் ஏதோ நொறுங்கியது. மாப்பிள்ளை நின்ற முனை சட்டென்று சரிந்தது. கொட்டிய சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, அவன் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் வெளியே சரிந்தான்.

பாஸ்டர் பாய்ந்தார். கைக்கு அகப்பட்டது பெல்ட்டின் தோள் வார் மட்டும்.

"மாப்பிள்ளே, கையக் குடு!"

"மச்சான், விட்டுடாதீங்க."

"விட மாட்டேன். கீழ பாக்காத. அந்தக் கம்பியப் பிடி."

தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. இன்னொரு கையால் தடவித் தடவி அவன் கொக்கியைப் பிடித்துத் தன் பெல்ட் வளையத்திலேயே மாட்டினார். தன் கயிறு தாங்காவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டியதுதான். கூரையிலிருந்தவர்கள் கயிறு போட்டு இழுக்கும்வரை அப்படியே கிடந்தார்கள்.

மேலே வந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. கடவுளே உன் உருவத்தில் வந்து காப்பாற்றியிருக்கிறார் என்று மேஸ்திரி தழுதழுத்தார். ஒரு ஜெபம் பண்ணுங்க பாஸ்டர் என்றார் ஒருவர். தலையாட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லலாம், ஊரே அல்லேலூயா சொல்லும். அந்த மகிமை கடவுளுக்கா, தனக்கா போகும் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

"கொக்கி கழண்டு கிடந்தத நான் முன்னாடியே பாத்தேன்," என்றார். "இவன்கிட்ட பேசக் கூடாதுங்கற வீம்புல வாயத் திறக்கல. என்னைப் புகழாதீங்க."

இனி நீ தொட்டிலில் ஏற வேண்டாம் என்று மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து படியிறங்கிப் போய்விட்டான்.

சாயங்காலம் பாஸ்டர் தங்கை வீட்டு வாசலில் நின்று அவளிடமும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கதவை மறித்து நின்றாள்.

"இவர் போயிருந்தா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பைபிளத் தொட்டிருப்ப, அண்ணா?"

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"உள்ள வரச் சொல்லு. என் கோபம் தீரல. ஆனா அவர் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

பாஸ்டர் உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்தார். அடக்கத்தன்று தள்ளிவிட்டதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அவன் தலையசைத்தான். தங்கை மட்டும் அன்று முகங்கொடுக்கவில்லை. அவர் கிளம்பும்போது வீங்கிய தோளைப் பார்த்து, காலையில் டாக்டரிடம் காட்டு என்றாள்.