சேதுபதி போட்ட ஒரே ஒரு பஸ்கி

எங்கள் தேகப்பயிற்சிக் கழகத்தில் ஒருவர் பஸ்கி போடுவதென்றால் மூவர் வேண்டும். இரும்பை முதுகில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுபவர் என்னவோ ஒருவர்தான். ஆனால் அந்த இரும்பைத் தரையிலிருந்து தூக்கி, அவர் குனிந்து நுழையும் உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கவும், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் பக்கத்துக்கு ஒருவர் தேவை. வசதியான கழகங்களில் இந்த வேலையை இரண்டு இரும்புத் தாங்கிகள் செய்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்களுக்கும் அப்படி ஒன்று செய்து தருகிறேன் என்று அளவெல்லாம் எடுத்துக்கொண்டு போன வெல்டர், கல்யாணமாகி ஜொகூர் பக்கம் போனவர் போனவர்தான்.

கழகம் என்பது தேக்கா சந்தைக்குப் பின்னால், முன்பு மாட்டுத் தீவனம் அடைத்திருந்த ஒரு தகரக் கொட்டகை. பார் என்று நாங்கள் சொன்னது, சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில் கிடைத்த நீளமான இரும்புத் தண்டு. அதன் இரு பக்கமும் பழைய பல்சக்கரங்களை மாட்டுவோம். சக்கரங்களுக்கு வெளியே இருபுறமும் ஒரு முழம் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைகளுக்கு அடியில்தான் அந்த இருவரும் தோளைக் கொடுக்க வேண்டும். அவர்களைத் தூண்கள் என்று அழைப்போம்.

1958ஆம் ஆண்டில் இடது தூண் நான். சிராங்கூன் ரோட்டில் ஒரு மசாலாக் கடையில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக இருந்தேன். வலது தூண் ஹனீபா, சந்தையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தவர். என்னைவிட ஒரு சாண் உயரம். அந்தக் குறையைச் சரிக்கட்ட நான் ஒரு பலகைமேல் நிற்பேன். அதற்காக அவர் என்னைச் செய்யாத கேலியில்லை.

தூண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுமப்பவர் “எடு” என்று சொல்லும்வரை தண்டைத் தொடக்கூடாது. இரக்கப்பட்டு ஒரு பக்கத்துத் தூண் மட்டும் முந்திக்கொண்டு தூக்கிவிட்டால், பாரம் முழுவதும் மறுபக்கம் சாய்ந்து, நடுவில் இருப்பவரின் இடுப்பை முறித்துவிடும். தொட்டால் இருவரும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். இல்லையென்றால் சும்மா நிற்கவேண்டும். சும்மா நிற்பதுதான் கஷ்டம் என்பது நின்றவர்களுக்குத் தெரியும்.

சேதுபதி துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். எங்கள் கழகத்திலேயே நல்ல பஸ்கிக்காரர். அந்த வருஷத் தொடக்கத்தில், கப்பலின் அடித்தட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலிருந்து இறங்கிய சரக்குப் பெட்டியின் மூலை அவருடைய வலது முட்டியில் இடித்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது அந்தக் கால் மற்றதில் பாதியாக இருந்தது. மடக்கினால் நனைந்த கயிற்றை முறுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்கும்.

அவருடைய சுமைக்கூலிக் கூட்டத்துக்கு மண்டோர் வைரக்கண்ணு. மண்டோர் என்றால் மேஸ்திரி. யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது என்பது அவர் வாயில் இருந்தது. சேதுபதி போய்த் திரும்ப வேலை கேட்டபோது நானும் கூட இருந்தேன். கோப்பிக் கடையில் நடந்த பேச்சு அது.

“பாவம்னு உன்னைக் கப்பலுக்கு ஏறுற பலகைல ஏத்திவுட்டு, நட்ட நடுவுல உன் முட்டி மடங்கிக்கிச்சுன்னா, பின்னாடி மூட்டையோட வர்ற நாலு பேரும் கடல்லதான். அவங்க பொண்டாட்டிமாருக்கு நான் என்னா பதில் சொல்றது? நீயே சொல்லு” என்றார் மண்டோர்.

“மடங்காதுண்ணே.”

“நீ சொல்லுவ. முட்டி சொல்லணும்லா.”

மண்டோர் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடித்துவிட்டு, அவரே ஒரு வழி சொன்னார். ஓர் அரிசி மூட்டையின் கனத்தை முதுகில் வைத்துக்கொண்டு, குதிகால்மேல் பின்பக்கம் படும்வரை உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை எழுந்து காட்டவேண்டும். துறைமுகத்துக்குள், பதிவேட்டிலிருந்து பேர் நீங்கிய ஆளை மூட்டை தொடவிட முடியாது. ஆகவே எங்கள் கொட்டகைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். எழுந்தால் கூட்டத்தில் இடம். எழாவிட்டால் கப்பலேறி ஊருக்குப் போய், மச்சான் வைத்திருக்கும் பெட்டிக்கடையில் உட்காரவேண்டியதுதான். சேதுபதியின் மனைவி சந்திரமதி தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தே வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அவர் பயிற்சி செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்தார். அதற்கே வியர்வை கொட்டியது. பிறகு கட்டையை விட்டார். பிறகு வெறும் தண்டு. பிறகு பக்கத்துக்கு ஒரு சிறிய சக்கரம். ஒவ்வொரு தடவையும் அடிவரை போனதும் அந்தக் கயிற்றுச் சத்தம் கேட்கும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. யாரோ அடுத்த வீட்டில் கதவைத் திறக்கிறார்கள் என்பதுபோல இருப்பார். மூட்டைக் கனத்தை மட்டும் அவர் ஏற்றிப் பார்க்கவே இல்லை. “அந்தக் கனத்தை முட்டி ஒரு தடவைக்குத்தான் தாங்கும் கிராணி. அந்த ஒரு தடவையை முன்கூட்டியே செலவு பண்ணிடக்கூடாது” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மண்டோர் வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக வந்தார். வந்தவுடன் சக்கரங்களைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இது எத்தனை ராத்தல்னு யாரு கண்டா?”

“நம்ம தாச்சிங் கண்டது” என்று ஹனீபா தன் கறிக்கடைத் தூக்குக்கோலை உத்தரத்தில் மாட்டினார். தண்டையும் சக்கரங்களையும் தனித்தனியாகத் தொங்கவிட்டு நிறுத்தோம். அரிசி மூட்டைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஹனீபா சிமெண்டு நிரப்பிய இரண்டு டப்பாக்களைச் சேர்த்தார்.

“கறி நிறுக்கும்போது இப்படி நேர்மையா நிறுத்திருந்தா நீ இன்னிக்குப் பணக்காரன்லா” என்றார் மண்டோர்.

“நேர்மையா நிறுத்ததாலதாண்ணே இன்னும் இந்தக் கொட்டகைல நிக்கிறேன்.”

சிரிப்பு அடங்கியது. சந்திரமதி வாசலில், உள்ளே காலை வைக்காமல் நின்றிருந்தாள். பெண்கள் அந்தக் கொட்டகைக்குள் வரும் வழக்கமில்லை. சேதுபதி அவள் பக்கம் பார்க்கவில்லை. வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பழைய சாக்குத் துண்டை நான்காக மடித்துக் கழுத்துக்குக் கீழே போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் மூட்டைக்குப் போடும் அதே மடிப்பு.

நானும் ஹனீபாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம்.

“கிராணி, இன்னிக்காச்சும் கோழி மாதிரி ஆடாம நில்லுங்க” என்றார் ஹனீபா. ஆனால் அவர் குரலில் கேலி இல்லை.

தூக்கித் தோளில் வைத்தோம். எலும்பில் இரும்பு பதிந்தது. சேதுபதி குனிந்து நுழைந்தார். தண்டுக்கு நடுவில் முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளாலும் பற்றி, மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். என் தோளிலிருந்த பாரம் மெல்ல விலகிப் போனது. பல தடவை அனுபவித்ததுதான். என்றாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வியப்பாகவே இருக்கும். நாங்கள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதை ஒரு மனிதர் தனியாக வாங்கிக்கொண்டார். நாங்கள் அரையடி விலகி, கைகளைத் தண்டுக்குக் கீழே, தொடாமல் ஏந்திக்கொண்டு நின்றோம்.

இறங்கத் தொடங்கினார். எங்கள் கைகளும் கூடவே இறங்கின.

பாதி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தொடை தரைக்கு நேராக வந்தது. அதற்கும் கீழே போனார். கயிற்றுச் சத்தம் கேட்டது. பின்பக்கம் குதிகாலில் பட்டது.

அங்கேயே இருந்துவிட்டார்.

எழ முயன்று முடியாதவருடைய உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் முழங்கைகள் துடிக்கும், பிறகு இடுப்பு முன்னால் சரியும். இவரிடம் அது எதுவும் இல்லை. வலது முட்டி மட்டும், தோலுக்கு அடியில் ஏதோ உயிர் இருப்பதுபோல, துள்ளிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு விரல் கனத்துக்குப் புடைத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. எதிரே தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை வழியாக வெயில் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது.

“எடுங்க! ஐயோ, எடுங்களேன்!” வாசலிலிருந்து சந்திரமதி கத்தினாள்.

சேதுபதி “எடு” என்று சொல்லவில்லை.

“டேய், போதும்டா. எடுங்கடா அவன் மேலேர்ந்து!” மண்டோரும் சத்தம் போட்டார்.

நான் ஹனீபாவைப் பார்த்தேன். சக்கரங்களுக்கும் சேதுபதியின் தலைக்கும் அப்பால் அவருடைய முகம். அவரும் என்னைப் பார்த்தார். என் உள்ளங்கைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. நான் தொட்டால் அவர் தொடவேண்டும். அவர் தொட்டால் நான் தொடவேண்டும். தொட்டுவிட்டால் தகரப் பெட்டிதான், கப்பல்தான். தொடாமல் விட்டு முட்டி உடைந்தால் அதற்கு நாங்கள் இருவரும்தான் பொறுப்பு. ஹனீபாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்ன ஓதினார் என்று கேட்கவில்லை. தலையை மட்டும், இல்லை என்பதுபோல, மிகச் சிறிதாக அசைத்தார். நான் கைகளை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அதைக் கண்டேன். சேதுபதியின் முதுகில், முதுகெலும்புக்கு இரு பக்கமும் இருக்கும் சதை, ஒன்றன்பின் ஒன்றாக, கீழிருந்து மேலாகக் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. கட்டடத்தில் தளம் தளமாக விளக்கேற்றிக்கொண்டு வருவதுபோல. அவர் எழ முயன்று தோற்கவில்லை. இன்னும் தொடங்கவே இல்லை. முட்டி அடங்குவதற்காக, அவ்வளவு இரும்பையும் முதுகில் வைத்துக்கொண்டு, காத்துக்கொண்டிருந்தார்.

முட்டி அடங்கியது.

அவர் எழுந்தார். அவசரமே இல்லாமல் எழுந்தார். பாதங்கள் மண்தரையில் பதிந்து, விரல்கள் மண்ணைப் பற்றின. தொடை தரைக்கு நேராக வந்த இடத்தில், எல்லோரும் திணறும் இடத்தில், அவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகல் இல்லை, கத்தலும் இல்லை. மாட்டு வண்டி மேடேறும்போது பாரம் முழுவதும் சேர்ந்து போடும் சத்தம்போல இருந்தது. இரும்புச் சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. பிறகு அவர் தலை எங்கள் தலைக்கு நேராக வந்தது. நிமிர்ந்து நின்றார்.

கோவிலில் கர்ப்பூரம் காட்டும்போது பேச்சு தானாக நின்றுபோகுமே, கொட்டகையில் அப்படி நின்றுபோனது. சந்தையிலிருந்து வந்த மீன் விலைக் கூச்சல்கூட எங்கோ தூரத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

“என்னாங்க கிராணி, வேடிக்கை பாக்குறீங்க? வாங்கிக்குங்க. கனமா இருக்குலா” என்றார் சேதுபதி.

அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. தாங்கி இல்லாத கொட்டகையில் ஒருவர் இரும்போடு நின்றுகொண்டிருக்கிறார். தூண்கள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஹனீபா பாய்ந்து தன் பக்கத்து முனைக்குக் கீழே, தண்டைத் தொடாமல், தோளை வைத்துக் காத்தார். நான் பலகைமேல் காலை வைத்தேன். கால் நிற்கவில்லை. சுமந்தவருக்கு அடங்கிவிட்ட நடுக்கம் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“தள்ளுய்யா” என்று யாரோ என்னைப் புறங்கையால் ஒதுக்கினார்கள்.

மண்டோர் வைரக்கண்ணு. பலகையைக் காலால் எற்றிவிட்டு, குனிந்து, முனைக்குக் கீழே தோளைக் கொடுத்தார்.

“அண்ணே, வேணாண்ணே. சட்டை துருவாயிடும்” என்றார் சேதுபதி.

“துவைக்கச் சட்டைக்காரனுக்குத் தெரியும். நீ வெளில வா.” பாரம் அவர் தோளில் இறங்கியதும் மண்டோரின் கழுத்தும் புடைத்தது. பல்லிடுக்கில் பேசினார். “நாளைக்குக் காலைல வந்துரு. முதல் வாரம் கப்பல் பலகை கிடையாது, அடித்தட்டு வேலைதான். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கக்கூடாது.”

“சரிண்ணே.”

“டேய் ஹனீபா, இறக்குறியா, இல்ல என்னை இங்கயே நட்டு வைக்கப்போறியா?”

இறக்கினார்கள். சேதுபதி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். வலது காலை நீட்டி, இரண்டு கைகளாலும் முட்டியைப் பொத்திக்கொண்டார். அவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று எனக்குத் தோன்றியதால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பியபோது சந்திரமதி உள்ளே வந்திருந்தாள். கணவரிடம் போகவில்லை. தரையில் கிடந்த தண்டின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, சேதுபதியின் முதுகும் கைகளும் பட்டிருந்த நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“என்னாங்க இது,” என்றாள் என்னைப் பார்த்து, “இரும்பு இப்படிச் சுடுது?”

ஓரங்களைத் தொட்டுப் பார்த்தேன். காலைக் குளிர் அப்படியே இருந்தது. நடுவில் தொட்டேன். சுட்டது.