நாற்பது பம்பும் ஓடுகின்றன

மதிப்பீட்டுக் கேள்வித்தாளில் முப்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. கிணற்றில் தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. வர்ஸாஸாத் நகரத்திலிருந்து கிளம்புவதற்கு முன்பே இத்தோ அதைக் கவனித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பையின் அடியில் தன்னுடைய பழைய அளவு நாடாவைத் திணித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

தஸுல்த் பள்ளத்தாக்குக்கு அவள் வருவது இது இரண்டாவது முறை. டீசல் என்ஜின்களை எடுத்துவிட்டு வெயிலில் ஓடும் சோலார் பம்புகளைத் தரும் திட்டம் ஐந்து வருஷத்துக்கு முன் வெளிநாட்டு நிதியில் இங்கே வந்தது. அப்போது கிணறுகளைப் பார்த்துத் தண்ணீர் போதுமா என்று சொல்ல வந்தவள் அவள்தான். போதும் என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது அந்தத் திட்டம் நல்லது செய்ததா என்று மதிப்பிடவும் அவளையே கூப்பிட்டிருந்தார்கள். ஊர் தெரிந்தவள் என்பது காரணம்.

மதிப்பீட்டுக் குழு என்றால் இரண்டு பேர்தான். தலைவர் விம், பெல்ஜியத்துக்காரர். இருபது வருஷமாக இதே வேலையாக ஏழை நாடுகளைச் சுற்றி வருபவர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. நல்ல மனிதர்தான், வண்டியோட்டிக்குச் சாப்பாடு வந்ததா என்று கேட்காமல் சாப்பிட மாட்டார்.

நீர்ப் பாசனச் சங்கத் தலைவர் ஹாஜி பூஸக்ரி அவர்களைத் தன் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். முன்பு பேரீச்சை மரங்களுக்கு அடியில் பார்லியும் லூசர்ன் தீவனப் புல்லும் இருந்த இடம். இப்போது மலையடிவாரம் வரைக்கும் தர்பூசணிக் கொடி படர்ந்து கிடந்தது. கறுப்புச் சோலார் தகடுகள் வரிசையாகச் சாய்ந்து வெயில் காய்ந்தன.

"நாற்பது பம்பும் ஓடுது. ஒண்ணுகூட இன்னும் படுக்கலை," என்றார் ஹாஜி.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க?" என்று விம் கேட்டதை இத்தோ மொழிபெயர்த்தாள்.

"வெயில் எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம். டீசல் காலத்துல நாலு மணி நேரம் ஓட்டுறதுக்கே வயிறு எரியும். இப்போ என்ன, சூரியன் பில்லா அனுப்புது?"

விம் சிரித்தபடி எழுதிக்கொண்டார். திட்டத்தால் எவ்வளவு புகை குறைந்தது என்பதைக் கணக்கிட ஒரே வழிதான் தாளில் இருந்தது. பம்பு ஓடிய ஒவ்வொரு மணி நேரமும், எரியாமல் மிச்சமான டீசல். எவ்வளவுக்கு எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுக்குத் திட்டம் வெற்றி. இத்தோ அவர் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் 'போதும்' என்று எழுதியபோது, நாளுக்கு நான்கு மணி நேரம் என்றுதான் அவள் போட்டிருந்தாள். டீசல் விலை பிடித்திருந்த கடிவாளத்தை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை.

"ஹாஜி, கிணத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"கிணத்தையா? பம்பு மதிப்பீடுன்னுதானே சொன்னாங்க." அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "போன தடவை வந்த பொண்ணுதானே நீ? அப்பவும் எட்டிப் பார்த்தே. போதும்னே. இப்போ என்ன புதுசா சந்தேகம்?"

இத்தோ பையைத் திறந்தாள். நாடாவை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நுனி தண்ணீரைத் தொட்டதும் சத்தம் போடும் நாடா அது. முன்பு இதே கிணற்றில் பதினேழு மீட்டரில் சத்தம் போட்டது. இப்போது இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது, அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்றில் கத்தியது. இரண்டு நாளில் ஒன்பது கிணறுகளை அளந்தாள். மேல் பகுதியில் இருந்தவர்கள் எல்லோரும் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டு ஆழப்படுத்தியிருந்தார்கள். பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் கிணறுகள் வறண்டு போயிருந்தன. அங்கே நாடா மண்ணைத்தான் தொட்டது. சத்தமே இல்லை.

கீழ்த்தெருவில் பதினான்கு வீடுகள். சொந்த நிலம் இல்லாதவர்கள். அதனால் பம்பும் இல்லை. குடிக்க ஒரே ஒரு பொதுக்கிணறுதான் இருந்தது. மூன்றாம் நாள் இத்தோ அங்கே போனபோது கிணறு இருந்த இடத்தில் கல்லும் மண்ணும் மேடாகக் கிடந்தன. சுற்றிலும் முள் வேலி போட்டிருந்தது.

முதல் வீட்டில் தூதா என்ற பெண் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இத்தோ தாளை விரித்து வைத்துக்கொண்டு குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டாள்.

"இப்ப நான்தான். முன்னாடி பஸ்ஸூ."

இத்தோவின் பேனா நின்றது. பஸ்ஸூ. கிணறு தோண்டுகிறவன். அந்த முதல் பயணத்தில் ஒரு வாரம் அவளுக்கு நாடா பிடித்தவன். ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் தலையை நீட்டி, "யாராவது இருக்கீங்களா? லல்லா பார்க்க வந்திருக்காங்க!" என்று கத்தி அவளைச் சிரிக்க வைத்தவன். மரியாதைக்கு அம்மணி என்பதுபோல, அவளை 'லல்லா' என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன ஆச்சு அவருக்கு?"

தூதா வேலியைக் காட்டினாள். "அதுக்குள்ளதான். போன வருஷம் நோன்புக்கு ரெண்டு வாரம் முன்னாடி. தண்ணி இறங்கிட்டே போச்சு. தெருக்காரங்க சேர்ந்து ஆழப்படுத்தச் சொன்னாங்க. ஈரம் போன மண்ணு நிக்காதுன்னு அவருக்குத் தெரியாதா என்ன? நான் வேண்டாம்னேன். அவரு, 'தண்ணி கீழ இருக்குடி, அளந்தவங்களே சொன்னாங்க, இன்னும் நாலு மீட்டர்தான்'னாரு." அவள் இத்தோவை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தத் தண்ணி பார்த்த லல்லா நீங்கதானே?"

"நான்தான்."

"ம். அவரு அடையாளம் சொன்னா மாதிரியே இருக்கீங்க."

திட்டவில்லை, அழவில்லை. உள்ளே போய்ப் பாதி குவளைத் தேநீர் கொண்டு வந்து வைத்தாள். வாரத்துக்கு ஒரு முறை லாரியில் தண்ணீர் வருகிறது, இன்று ஐந்தாம் நாள் என்றாள். சரிந்த மண்ணிலிருந்து அவனை எடுக்க இரண்டு நாள் ஆனதையும் அதே குரலில்தான் சொன்னாள். இத்தோவால் அந்தத் தேநீரைக் குடிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை.

"கேள்வி ஏதோ இருக்குன்னீங்களே, கேளுங்க," என்றாள் தூதா.

இத்தோ தாளைப் பார்த்தாள். பம்பு இல்லாத வீடுகளுக்கு அடுத்தது பத்தொன்பதாவது கேள்வி. தாளைப் புரட்டி அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள். தூதா விடவில்லை.

"படிங்க லல்லா. வந்த வேலையை முடிங்க."

"திட்டத்தால... உங்க வீட்டுக்குக் கிடைச்ச நன்மை என்ன?"

தூதா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "எழுதிக்கோங்க. பாத்திரம் கழுவுற வேலை மிச்சம். துணி துவைக்கிற வேலை மிச்சம்."

இத்தோ அப்படியே எழுதினாள்.

வர்ஸாஸாத் திரும்பியதும் நான்கு நாள் உட்கார்ந்து அறிக்கையை எழுதினார்கள். விம் முதலில் தயங்கினார். "மட்டம் இறங்கியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பம்புதான் காரணம்னு எப்படி நிரூபிப்பீங்க? அஞ்சு வருஷமா மழையும் இல்லையே?"

"மழை இல்லாத வருஷத்துல பகல் பூரா இறைக்க வழி பண்ணிக் கொடுத்தது யாரு விம்?"

அவர் அவளுடைய அளவுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்து, முதல் அத்தியாயத்திலேயே நீர்மட்டத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினார். பம்புகளுக்கு நேரக் கட்டுப்பாடு வரும்வரை வேறெங்கும் இதை விரிவாக்கக் கூடாது என்ற வரியும் அவருடையதுதான். பஸ்ஸூவின் சாவை இத்தோ எழுதினாள். அதற்குக் கீழே, தொடக்கத்தில் தண்ணீரைக் கணித்தது தான்தான், அந்தக் கணிப்பு தவறு என்றும் எழுதினாள்.

"இதை எதுக்கு எழுதறீங்க?" என்றார் விம். "இனிமே யாரு உங்களைக் கூப்பிடுவாங்க?"

"இருக்கட்டும்."

ஆறு வாரம் கழித்து, நிதி கொடுத்த நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து இறுதி அறிக்கை வந்தது. இத்தோ அதை நின்றுகொண்டே படித்தாள். திட்டம் 'மிகவும் திருப்திகரம்'. நாற்பது பம்புகளும் ஓடுகின்றன; புகைக் குறைப்பு எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு. நீர்மட்டம் ஏழாம் இணைப்புக்குப் போயிருந்தது, தொடர் வறட்சி என்ற தலைப்பின் கீழ். தன் கணிப்பு தவறு என்று அவள் எழுதியதைக் காணோம். பஸ்ஸூவின் பெயரும் இல்லை. அவன் இருந்த இடத்தில், கிணறு தோண்டுவோருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது நல்லது என்று ஒரு வரி இருந்தது. கடைசிப் பக்கத்தில், அடுத்த பள்ளத்தாக்கான அமர்தூலுக்கு அறுபது பம்புகள் பரிந்துரைக்கப்பட்டிருந்தன.

விம்முக்குப் போன் செய்தாள். "நான் சண்டை போட்டேன் இத்தோ. மூணு தடவை எழுதிக் கேட்டேன்," என்றார் அவர். குரல் களைத்திருந்தது. பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. தன் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிடும்படி அவள் தலைமையகத்துக்கு எழுதினாள். இரண்டே வரியில் நன்றி சொல்லி எடுத்துவிட்டார்கள்.

மறு வாரம் வாடகைக் காரில் ஆறு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு அமர்தூலுக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. பம்புக்கு விண்ணப்பம் வாங்கும் நாள் அது. பாதாம் கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சங்கத்தை நடத்துபவள் யம்னா. பருத்த உடம்பு, கணீர்க் குரல். "பேசட்டும். இவ்வளவு தூரம் வந்திருக்கா," என்று கூட்டத்தை அமர்த்தினாள்.

இத்தோ எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழு, நாற்பத்தொன்று, வறண்ட கிணறுகள், பஸ்ஸூ, தன் கையால் எழுதிய 'போதும்'. முடித்ததும் நல்ல கேள்விகளாகக் கேட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டினால்? ஊர்க் கட்டுப்பாடு போட்டால்? செய்யலாம், எல்லோரும் ஒத்துக்கொண்டால் தாங்கும் என்றாள்.

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "நாங்க ஒத்துக்குவோம். மேல நிலம் வாங்கிப் போட்டிருக்கானே நகரத்துக்காரன், அவன் ஒத்துக்குவானா? நாங்க நிறுத்தினா அவனுக்குத்தான் கொண்டாட்டம்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. யம்னா எழுந்து வந்து இத்தோவின் அருகில் அமர்ந்தாள்.

"தங்கச்சி, நீ சொல்றது பொய்யின்னு இங்க யாரும் நினைக்கலை. ஒண்ணு மட்டும் சொல்லு. பம்பு வெச்சா எங்களுக்கு எத்தனை வருஷம் தண்ணி கிடைக்கும்?"

இத்தோ யோசித்தாள். இந்த முறை தவறாகச் சொல்லக் கூடாது. "அஞ்சு. ஆறு வேணும்னா கிடைக்கலாம், யம்னாக்கா."

"வைக்காட்டி?"

"நீங்க வைக்காம, மேல அவங்க வெச்சா தண்ணி உங்களுக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிடும்... மூணு."

யம்னா விரல்களை மடக்கி எண்ணினாள். "அஞ்சு வருஷத்துல என் கடைசிப் பொண்ணு படிப்பை முடிச்சிடுவா," என்றாள். மேஜைக்குப் போய்ப் பேனாவை வாங்கி, விண்ணப்பத்தில் பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள்.