களியை மென்றவன்

பிரதாப் களியை மென்றான். சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

கெலமங்கலம் பக்கத்தில் ராகிக் களியை யாரும் மெல்வதில்லை. உருண்டையில் ஒரு துண்டைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, வாயில் போட்டு அப்படியே விழுங்கிவிட வேண்டும். பல்லில் பட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து வரும் பையன்கள் விவரம் தெரியாமல் மெல்வார்கள், பந்தியே சிரிக்கும். பால்குடி மறந்த நாளிலிருந்து களி தின்றவன், முப்பத்தைந்து வயதில், பெற்ற தாய்க்கும் கட்டிய மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து மாடு அசைபோடுவது போல மென்றால் என்ன நினைப்பது?

“டேய், என்னடா ஆச்சு? பல்லு வலியா?” என்றாள் அவன் அம்மா நாராயணம்மா.

“இல்லம்மா. மென்னு தின்னா நல்லதாம்.”

“எவன் சொன்னான்?”

“கம்பெனில சொன்னாங்க.”

பரிமாறிக்கொண்டிருந்த சரிதா கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். அவள் புருஷன் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். கம்பெனி மாஸ்க் போடச் சொல்லும், கையுறை போடச் சொல்லும். வீட்டில் வந்து களியை மென்று தின்னு என்று எந்தக் கம்பெனி சொல்லும்? பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் அது இப்படித்தான் பல்லிளிக்கும்.

அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் அவளுக்குத் தடயமாகத் தெரிந்தது. சித்திரை வெயிலில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவன், பிரிட்ஜைத் தொடாமல் “சுடுதண்ணி இருக்குதா?” என்று கேட்டான். ராத்திரியில் தயிரை ஒதுக்கினான். காலையில் இட்லியை விட்டுவிட்டு, குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சியில் இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தான். ஆரஞ்சுப் பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை மொட்டை மாடியில் காயப்போட்டான். சாப்பிட்டதும் கட்டிலில் விழுகிற ஆள், இப்போது தெருமுனை வரை மெதுவாக நடந்து வந்தான். படுத்த பிறகு உள்ளங்கையால் வயிற்றை வட்டமாகத் தடவிக்கொண்டான். ஆளும் முன்பைவிட இளைத்திருந்தான்.

ஒரு ஆண் இந்த வயதில் திடீரென்று உடம்பைப் பேண ஆரம்பித்தால், அதைப் பார்க்க வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். இது சரிதாவின் கணக்கு. முட்டாள்தனமான கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது, பல வீடுகளில் விடை சரியாகவே வந்திருக்கிறது.

அந்த யாரோவுக்கு ஒரு பெயர் கொண்டுவந்து கொடுத்தவள் சுப்ரியா. அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறவள், அடுத்த தெருக்காரி. நல்ல பெண்தான், ஆனால் வயிற்றில் ஒரு சேதியும் தங்காது.

“அக்கா, தப்பா நெனைக்காத. சேம்பிள் ரூம்ல லின் மேடம்னு ஒருத்தங்க வந்திருக்காங்க, தைவான்காரங்க. அவங்களும் அண்ணனும் ஒரே பிளாஸ்க்குல என்னமோ ஊத்திக் குடிக்கறாங்க. வேரு, காஞ்ச தோலு, சின்னச் சின்னப் பழம், எல்லாம் போட்டு.”

“குடிக்கட்டும். அதுக்கென்ன?”

“நேத்து கேன்டீன்ல அண்ணன் பேன்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிக்கினு உட்காந்திருந்தாரு. அந்த மேடம் முட்டிக்குக் கீழ கைய வெச்சு அமுக்கிக்கினு இருந்தாங்க. எல்லாரும் பாத்தாங்கக்கா.”

சரிதாவுக்குக் காது அடைத்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளே அவன் காலை அமுக்கியதில்லை.

அன்று சாயங்காலம் அவன் குளிக்கப் போனதும் பையைத் துழாவினாள். அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. மேலே சைனா எழுத்து, உள்ளே நாணயம் போல வட்டமான சிவப்பு வில்லைகள். ஈரத் தலையோடு வந்தவன் முன்னால் அதை நீட்டினாள்.

“இது என்னங்க?”

“மிட்டாய் மாதிரி. ஒரு பழத்துல செய்வாங்களாம். தின்னது செரிக்கறதுக்கு. லின் மேடம் குடுத்தாங்க. நீயும் ஒண்ணு போட்டுப் பாரு, புளிப்பா நல்லா இருக்கும்.”

இவ்வளவு சுலபமாக அவன் ஒப்புக்கொண்டதுதான் அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. “நான் எதுக்குப் போட்டுப் பாக்கணும்? சரி, உங்க கால எதுக்கு அந்தம்மா அமுக்கணும்?”

பிரதாப் சிரித்தான். “அதுவும் வந்துடுச்சா? முட்டிக்குக் கீழ நாலு விரல் தள்ளி ஒரு எடம் இருக்குது. அங்க தெனமும் அமுக்குனா வயிறு…” அந்தச் சொல்லோடு நின்றுவிட்டான். சிரிப்பும் நின்றது. “ஒண்ணுமில்ல விடு. அவங்க ஊரு வைத்தியம்.”

ஏன் நிறுத்தினான் என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவளுடைய அப்பா கங்கப்பன் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்து, புற்று என்று தெரிவதற்குள் போய்ச் சேர்ந்தவர். அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட முடியாது, சரிதா அன்று முழுக்கச் சாப்பிடாமல் அழுவாள். ஆனால் சந்தேகம் வந்தவளுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? அவன் நிறுத்தியதைக் திருட்டு முழி என்றே எடுத்துக்கொண்டாள்.

நாராயணம்மாவிடம் சொல்லி அழுதாள். கிழவி ஆனேக்கல் பக்கத்துக்காரி, பதறினால் கன்னடத்துக்குப் போய்விடுவாள். “மத்து ஹாக்கவ்ரே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மருந்து வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆணை மயக்க நினைக்கிறவள் தின்கிற பொருளில் எதையோ கலந்து கொடுத்துவிடுவாள், அது வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆள் சோறு செல்லாமல் இளைப்பான், அவள் சொன்னபடி ஆடுவான். கர்நாடக எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதை நம்புகிறவர்கள் நிறைய. அதை வாந்தியாக வெளியே எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

“அஞ்செட்டி தாண்டி கோவிந்தப்பன்னு ஒருத்தரு. எங்க அண்ணனுக்கு அவருதான் எடுத்தாரு. போய்ட்டு வா தாயி, எம்புள்ளய விட்டுடாத.”

மறுநாள் சரிதா பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் உச்சிவெயில். கோவிந்தப்பன் அவள் உள்ளங்கையில் ஏதோ இலைச்சாற்றை ஊற்றி, புருஷன் பெயரைச் சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சாறு பச்சை ஜெல்லி போல உறைந்தது. “பாத்தியா? இந்த மாதிரிதான் உள்ள ஒட்டிக்கினு இருக்குது,” என்றார். அந்த இலையின் சாறு யார் கையில் ஊற்றினாலும், எந்தப் பெயரைச் சொன்னாலும் உறையும். அது இலையின் குணம். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை, சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

ஒரு சின்ன பாட்டிலில் கரும்பச்சையாக எதையோ கொடுத்தார். “சாத்துல கலந்து களியோட குடு. களி முழுங்கறதுதானே, நாக்குக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்துல கொடல் பொரட்டி எல்லாம் வெளிய வந்துடும். ஆளு கத்துவான், பயப்படாத.”

வீட்டுக்கு வந்ததும் கீரைச் சாறு வைத்தாள். பச்சையோடு பச்சை தெரியாது. ‘கெட்டதுக்கா செய்கிறேன்? என் புருஷனை மீட்கத்தானே’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கலக்கினாள்.

பிரதாப் வந்து முகம் கழுவி உட்கார்ந்தான். நாராயணம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதா உருண்டையை வைத்து, குழியில் சாற்றை ஊற்றினாள். அவன் ஒரு துண்டைக் கிள்ளிப் புரட்டி வாயில் போட்டான்.

தாடை அசைந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டாளோ அதையே மறந்துபோயிருந்தாள். களி என்றால் விழுங்குவது. பிறந்ததிலிருந்து ஊறியது அது. கோவிந்தப்பனும் அதையேதான் சொன்னார். இவனோ மென்றுகொண்டிருந்தான், நிதானமாக, நாக்கில் உருட்டி உருட்டி.

தாடை நின்றது. வாயிலிருந்ததைக் கையில் துப்பினான்.

“என்ன இப்படிக் கசக்குது?”

“கீரை முத்தலா இருக்கும்.”

அவன் சாற்றை விரலால் தொட்டு நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “இது கீரையில்ல. என்ன கலந்த சரிதா?”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “அவ வெச்சத எடுக்கத்தான் கலந்தேன்! அந்தச் சைனாக்காரி உங்களுக்கு மருந்து வெச்சிருக்கா. வாந்தி எடுத்தாத்தான் போகும்.”

“வாந்தியா?” அவன் முகம் வெளுத்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வாயைக் கொப்பளித்தான், மறுபடி மறுபடி கொப்பளித்தான். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. “எனக்கு வயித்துல புண்ணு இருக்குது சரிதா. ஷிப்ட்டு மாறி மாறி, டீயும் பரோட்டாவுமா தின்னதுல வந்தது. உள்ள ஒருவாட்டி ரத்தம் கசிஞ்சிருக்குது. ஓசூர்ல கேமரா விட்டுப் பாத்தாங்க. புத்து இல்ல, மாத்திரைல ஆறிடும்னாங்க. வாந்தி மட்டும் வராம பாத்துக்க, வந்தா மறுபடி ரத்தம் வரும்னு டாக்டர் சொன்னாரு.”

சரிதா சாற்றுச் சட்டியை அவனிடமிருந்து தள்ளி வைத்தாள்.

“லின் மேடத்துக்கும் இதே புண்ணு இருந்துச்சாம். அவங்க ஊர்ல வயித்த அடுப்பு மாதிரின்னு சொல்வாங்களாம். ஐஸ் தண்ணி ஊத்தி அணைக்காத, மெதுவா மென்னு தின்னு, கஞ்சி குடி, நடன்னு சொல்லிக்குடுத்தாங்க. டாக்டரக் கேட்டேன், மாத்திரைய நிறுத்தாம இதையும் பண்ணுன்னாரு. அவ்வளவுதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்கப்பா நெனப்பு வந்து நீ சாப்பிடாம கெடப்பியேன்னுதான்.”

வாசற்படியில் இருந்த நாராயணம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சரிதா தட்டையும் சட்டியையும் எடுத்துப் போய், எல்லாவற்றையும் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினாள். பாட்டிலையும் சேர்த்துப் புதைத்தாள். அன்று பிரதாப் அவளைத் திட்டவில்லை. தானே அரிசி கழுவிக் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் சுடச்சுடக் களி கிண்டினாள். அவரைக்கொட்டைச் சாறு, காரம் குறைத்து. பிரதாப் வந்து உட்கார்ந்தான். தட்டை வைத்தாள். அவன் கை உடனே தட்டுக்குப் போகவில்லை. சாற்றைப் பார்த்தான். ஒரு கணம்தான், பார்த்துவிட்டு அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று தண்ணீர் டம்ளரை நகர்த்தினான். அவன் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். அவர்கள் இருவரில் அதுவரை சந்தேகப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

சரிதா அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன் தட்டிலிருந்தே ஒரு துண்டைக் கிள்ளி, சாற்றில் நன்றாகப் புரட்டி, தன் வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள். பல்லில் ஒட்டியது, கண்ணில் நீர் முட்டியது. விழுங்காமல் மென்றாள், அவன் மெல்வது போலவே நிதானமாக.

பிரதாப் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் மென்று விழுங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் தட்டில் கை வைத்தான்.